குடியரசுத் தலைவரா, ஜனாதிபதியா, அதிபரா? பதவியேற்பு பற்றி நெல்லையில் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொது அறிவு சொல்லித் தருகிறேன். எந்த நாட்டிலாவது புதுத் தலைவர் தேர்வாகி டிவியில் பதவியேற்பு ஓடினால், அந்த வாரம் பாடம் நகராது. கேள்வியாகவே போகும். டீக்கடையில் அண்ணாச்சிமார் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

குடியரசுத் தலைவர், ஜனாதிபதி, அதிபர் என்று மூன்று சொல் இருக்கிறதே, எது சரி?

மூன்றும் சரி. எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம், எந்த நாட்டுத் தமிழில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தியாவுக்கு, தமிழ்நாட்டு அரசுத் தமிழில், குடியரசுத் தலைவர். பழைய ஆட்கள் வாயிலும் சில நாளிதழ்களிலும் ஜனாதிபதி இன்றும் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் தேர்வுத்தாளில் குடியரசுத் தலைவர் என்றே எழுதுங்கள். இந்தியில் ராஷ்டிரபதி. இந்தச் சொல்லுக்கு ஒரு முன்கதை உண்டு: விடுதலைக்கு முன்னால் காங்கிரஸ் கட்சித் தலைவரைத்தான் ராஷ்டிரபதி என்று அழைத்தார்கள். கட்சிக்கு இருந்த பெயர் பிறகு நாட்டுக்குப் போனது.

தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் கடலைத் தாண்டினால் ஜனாதிபதிதான் அரசுச் சொல். இலங்கை அரசு ஆவணங்களில் ‘சனாதிபதி’ என்றும் பார்க்கலாம். அங்கே போய் ‘அதிபர் வந்தார்’ என்று சொன்னால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இலங்கைத் தமிழில் அதிபர் என்றால் அவர்தான். நம் ஊரிலோ அதிபர் என்றதும் தொழிலதிபர், ஆலை அதிபர் ஞாபகம் வரும். சிங்கப்பூரில் நாட்டின் தலைவரையே அதிபர் என்கிறார்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அதுவும் முறையான சொல்லே. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தில் சிங்கப்பூர்த் தொடர்பு இல்லாத தெரு குறைவு. அந்த வீட்டுப் பிள்ளைகள் ‘அதிபர் தர்மன்’ என்று எழுதினால் நான் திருத்துவதில்லை. தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்னம் 2023 செப்டம்பர் 1 அன்று 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். 14ஆம் தேதி இஸ்தானா மாளிகையில் பதவியேற்றார்.

எங்கள் ஊரிலும் பிரசிடென்ட் இருக்கிறார். டெல்லியிலும் பிரசிடென்ட். ஒரே சொல் எப்படி?

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் சபையில் தலைமையில் அமர்ந்திருப்பவர் என்பதுதான். அதனால் சங்கத்துக்கும் பஞ்சாயத்துக்கும் நாட்டுக்கும் அதுவே வந்துவிட்டது. நம் பக்கத்துக் கிராமங்களில் ‘பிரசிடென்ட் வீடு எது?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும்.

திரௌபதி முர்முவின் வாழ்க்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒடிசாவில் ராய்ரங்பூர் என்ற சிறு ஊரின் நகரப் பஞ்சாயத்தில் 1997இல் கவுன்சிலர் ஆனார். 2022 ஜூலை 25 அன்று நாட்டின் 15ஆவது குடியரசுத் தலைவர். வார்டு கவுன்சிலராகத் தொடங்கியதை அன்றைய உரையிலேயே சொன்னார். தம் பழங்குடி மக்களின் வாழ்த்துச் சொல்லான ‘ஜோஹார்’ என்பதையும் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் சொன்னார்.

தேர்தலில் ஜெயித்த அன்றே தலைவர் ஆகிவிடுவாரா?

இல்லை. ஜெயித்தவர், பதவியேற்கவிருப்பவர். அவ்வளவுதான். அரசியலமைப்பின் 60ஆவது பிரிவு, பதவியில் நுழையும் முன் உறுதிமொழி எடுத்துக் கையொப்பமிட வேண்டும் என்கிறது. இந்தியத் தலைமை நீதிபதி முன்னிலையில் எடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத்தில் இருப்பவர்களில் மூத்த நீதிபதி.

அந்த நாளை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதியவரும் விடைபெறுபவரும் குதிரைமேல் வரும் மெய்க்காவல் படை சூழ நாடாளுமன்றத்துக்குப் போவார்கள். அண்மைக்காலப் பதவியேற்புகள் பழைய கட்டடத்தின் மைய மண்டபத்தில்தான் நடந்திருக்கின்றன. மேடையில் நாற்காலிகள் போட்டிருக்கும். புதியவர் உறுதிமொழி சொல்வார், கையெழுத்துப் போடுவார், வெளியே 21 பீரங்கி முழங்கும். அப்புறம் நடப்பதை டிவியில் பலரும் கவனிப்பதில்லை: பழையவரும் புதியவரும் எழுந்து இருக்கை மாறி உட்காருவார்கள். ஐந்து ஆண்டு இருந்த நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளிப் பக்கத்து நாற்காலிக்குப் போகிறார் ஒருவர். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அரசாட்சி கைமாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சில விநாடிகள்தான். பிள்ளைகளிடம் நான் அதைத்தான் நிறுத்தி, திரும்பப் போட்டுக் காட்டுவேன்.

பிறகு புதியவரின் உரை, குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்தில் முப்படை அணிவகுப்பு மரியாதை. விடைபெறுபவரை அவர் குடிபோகும் வீடு வரை கொண்டுபோய் விட்டு வருவதும் வழக்கம்.

ஏன் எப்போதும் ஜூலை 25?

சட்டத்தில் அப்படித் தேதி இல்லை. 1977 பிப்ரவரியில் பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்து வந்த நீலம் சஞ்சீவ ரெட்டி அந்த ஆண்டு ஜூலை 25 அன்று பதவியேற்றார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் ஐந்து ஆண்டையும் முழுதாக முடித்தார்கள், அதனால் தேதி அப்படியே நின்றுவிட்டது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பதவியேற்றதும் 2002இல் இதே தேதியில்தான். ராதாகிருஷ்ணன் காலத்தில் தேதி மே 13.

உறுதிமொழியில் என்னதான் சொல்கிறார்கள்?

‘எனும் நான்’ என்ற இரண்டு சொல்லை நம் அமைச்சர்கள் பதவியேற்கும்போது கேட்டுப் பழகியிருப்பீர்கள். குடியரசுத் தலைவரின் வாசகமும் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். கடவுளின் பேரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

ஒரு வேறுபாட்டை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் ‘அரசியலமைப்பிடம் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன்’ என்கிறார். குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அதைப் ‘பேணுவேன், பாதுகாப்பேன், காத்து நிற்பேன்’ என்கிறார்கள். மக்களின் தொண்டுக்கும் நல்வாழ்வுக்கும் தம்மை ஒப்படைப்பதாகவும் சொல்கிறார்கள். முன்னது பற்று, பின்னது காவல். தேர்வில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் குடிமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.

வார்த்தை தவறிவிட்டால்?

2009இல் அமெரிக்காவில் நடந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லிக் கொடுத்ததில் ஒரு சொல் இடம் மாறியது. ஒபாமாவும் அப்படியே திரும்பச் சொன்னார். மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு தடவை முழுதும் சொல்ல வைத்தார்கள். மொத்தமே 35 ஆங்கிலச் சொற்கள் கொண்ட வாசகம் அது. ஒரு சொல் இடம் மாறியதற்காக மறுபடி எடுத்தார்கள் என்றால், அந்த வாசகத்துக்கு எவ்வளவு கனம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 20 அன்று, தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் ஊராட்சித் தலைவர் பதவியேற்புக்குப் போயிருந்தேன். அந்த மாதம்தான் நெல்லை உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. ஜெயித்தவர் பீடி சுற்றும் ஓர் அக்கா. கையில் உறுதிமொழி அச்சடித்த ஒற்றைத்தாள். மின்விசிறிக் காற்றில் அது படபடவென்று அடிக்க, இடது கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு, வலது கைப் பெருவிரலை வரிக்கு வரி கீழே இறக்கிக்கொண்டே வாசித்தார். நகக்கண்ணில் புகையிலைக் கறை. தம் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கி, பிறகு பெயரைச் சொல்லி, ‘எனும் நான்’ என்றார். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். அவரே கண்டுபிடித்து, ‘இருங்க, திரும்பச் சொல்லுதேன்’ என்று முதலிலிருந்து வாசித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மேதகு என்று எழுத வேண்டுமா, மாண்புமிகு என்றா?

மாண்புமிகு. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மேதகு என்று போடுவது நெடுநாள் வழக்கம். ‘எக்ஸலன்ஸி’ என்ற வெள்ளைக்காரர் காலத்து மரியாதைச் சொல்லின் தமிழ் அது. 2012இல் பிரணாப் முகர்ஜி உள்நாட்டு வழக்கில் அந்தச் சொல் வேண்டாம் என்று முடிவெடுத்தார். வெளிநாட்டுத் தலைவர்கள், தூதர்களோடு நடக்கும் சந்திப்புகளில் மட்டும் பன்னாட்டு வழக்கப்படி அது தொடர்கிறது.

கடிதம் எழுதுபவர்களுக்கு: ‘மாண்புமிகு குடியரசுத் தலைவர் அவர்கள், ராஷ்டிரபதி பவன், புது டெல்லி 110004’. உள்ளே ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ போதும். போன ஆண்டு ஒரு மாணவி தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதப்போய், விளிப்பு எப்படி என்று தெரியாமலே ஒரு வாரம் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். விளிப்புக்காக யாரும் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

இலங்கையில் ‘அதிமேதகு’ புழக்கத்தில் இருக்கிறது. மலேசியத் தமிழ் ஏடுகளில் ‘மாட்சிமை தங்கிய மாமன்னர்’.

பெண் என்றால் குடியரசுத் தலைவியா?

வேண்டாம். 2007இல் பிரதிபா பாட்டீல் வந்தபோது இந்தியில் பெரிய விவாதமே நடந்தது. ‘பதி’ என்பதற்குக் கணவன் என்றும் பொருள் இருப்பதால் பெண்ணை எப்படி ராஷ்டிரபதி என்பது என்று. சொல் மாறவில்லை. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. தலைவர் என்பதில் உள்ள ‘அர்’ மரியாதைப் பன்மை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆசிரியர், மருத்துவர் மாதிரி.

21 பீரங்கி எதற்கு? நிஜக் குண்டா?

குண்டு கிடையாது, வெற்று வேட்டு. கோயில் கொடையில் சாமி புறப்படும்போது அதிர்வேட்டு போடுகிறோமே, காதுக்கு அதே சங்கதிதான்.

எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் யாருக்கு எத்தனை வேட்டு என்பதுதான் அந்தஸ்து. வைஸ்ராய்க்கு 31. ஐதராபாத், மைசூர் போன்ற ஐந்து பெரிய சமஸ்தானங்களுக்கு 21. நமக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் இருந்த திருவிதாங்கூருக்கு 19. 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் பதவியேற்றபோது 31 முழங்கியது. அன்றைக்கு நாடு குடியரசானதாக அறிவித்தது காலை 10.18 மணிக்கு, ஆறு நிமிடம் கழித்து முதல் குடியரசுத் தலைவர் உறுதிமொழி எடுத்தார். அதுவரை தலைமை ஆளுநராக இருந்தவர் நம் ராஜாஜி. பின்னாளில் 21 என்று நிலைத்தது.

பட்டம் கட்டுவது என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. பட்டம் என்பது முதலில் ஒரு பொருள்: நெற்றியில் கட்டும் பொன் தகடு. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை நெற்றிப்பட்டத்தோடு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம் (2025 ஜனவரியில் காந்திமதி இறந்தபோது ஊரே அழுதது). அரசன் நெற்றியில் அதைக் கட்டியதும் ஆட்சி அவனுடையது. அதனால் ‘பட்டம் கட்டுதல்’ என்றால் பதவியில் அமர்த்துதல். ‘பட்டத்துக்கு வந்தான்’ என்றால் ஆளத் தொடங்கினான். பொருளின் பெயர் பதவிக்கும், பிறகு விருதுக்கும், கல்லூரித் தேர்ச்சிக்கும் போனது.

நம் காலம் வரை பட்டம் கட்டிய ஒருவர் இங்கேயே வாழ்ந்தார். சிங்கம்பட்டி ஜமீனின் முருகதாஸ் தீர்த்தபதி சிறுவனாக இருந்தபோதே முடிசூட்டப்பட்டவர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பிறகும், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்து காட்சி தருவார். சனம் மலையேறிப் போய்ப் பார்க்கும். 2020 மே மாதம் மறைந்தார். அவர் கையில் ஆட்சி ஏதும் இல்லை என்பது கும்பிட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும், ஆனாலும் கும்பிட்டார்கள். அந்த மரியாதையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அரசு பட்டம் கொடுக்கும் வழக்கத்தைக் குடியரசு நிறுத்திவிட்டது. 18ஆவது பிரிவு: படை, கல்வி சார்ந்தவை தவிர அரசு எவருக்கும் பட்டம் வழங்கக் கூடாது. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அதோடு போயின. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டமல்ல, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஏன் வெறும் ‘மிஸ்டர் பிரசிடென்ட்’?

அதற்குச் சண்டை போட்டுத்தான் வந்தார்கள். வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் பதவியேற்றார். அவரை எப்படி அழைப்பது என்று முடிவாகவில்லை. ராஜாக்கள் உள்ள நாடுகள் நம்மை மதிக்க வேண்டாமா என்று கவலைப்பட்டார் துணைத் தலைவர் ஜான் ஆடம்ஸ். ‘மேன்மை தங்கிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவரும் அவற்றின் சுதந்திரங்களின் காவலரும்’ என்கிற மாதிரி நீளப் பட்டம் ஒன்றை மேலவைக் குழு முன்வைத்தது. கீழவை மறுத்தது. அரசியலமைப்பில் உள்ள பெயர் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றது. மே மாதத்துக்குள் மேலவை இறங்கி வந்தது. கீழவை அன்று உறுதியாக நின்றது சரி என்பது என் எண்ணம்.

பைபிள்மீது கை வைப்பது அங்கே சட்டம் இல்லை, வழக்கம் மட்டும். 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் பைபிள் இல்லாமலே உறுதிமொழி எடுத்தார். 1923இல் கூலிட்ஜுக்கு நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கிராமத்து வீட்டில், விளக்கொளியில் உறுதிமொழி எடுத்து வைத்தவர் அவருடைய அப்பாதான். அவர் ஒரு நோட்டரி, அதாவது ஆவணங்களுக்கும் உறுதிமொழிகளுக்கும் சான்றளிப்பவர். மண்டபமும் இல்லை, பீரங்கியும் இல்லை, பதவி வந்துவிட்டது.

வேறு நாடுகளில் என்ன அணிவிக்கிறார்கள்?

கோயில் விழாவில் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்கிறோம் அல்லவா, தென் அமெரிக்காவில் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகக் கொடி நிறப் பட்டை அணிவிக்கிறார்கள். போகிறவர் வருபவருக்குப் போட்டுவிட வேண்டும். 2023 ஜனவரி 1 அன்று பிரேசிலில் போகிறவரான பொல்சனாரோ நாட்டிலேயே இல்லை. அதனால் சாதாரணக் குடிமக்கள் சிலர் அந்தப் பட்டையைக் கைமாற்றி எடுத்து வர, குப்பை பொறுக்கி மறுசுழற்சி செய்யும் தொழிலாளிப் பெண் ஒருவர் புதிய தலைவரான லூலாவுக்கு அணிவித்தார். பரிவட்டம் யாருக்கு என்று ஊர்களில் நடந்த வழக்குகளை நினைத்துக்கொண்டே அந்தக் காட்சியைப் பார்த்தேன்.

பிரான்சில் உறுதிமொழியே கிடையாது. வாக்கு முடிவை அறிவிப்பார்கள், லீஜியன் ஆஃப் ஹானர் என்ற உயர் விருதின் பெரும் ஆரம் காட்டப்படும், பீரங்கி முழங்கும். மலேசியாவில் மாமன்னரையே தேர்ந்தெடுக்கிறார்கள்: ஒன்பது மாநில அரச குடும்பங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருவர். ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஜூலையில் முடிசூட்டு விழா. முடிசூட்டு என்றாலும் கிரீடம் இல்லை, துணியில் கட்டிய அரசத் தலைப்பாகை. கிரிஸ் என்ற வாளை உயர்த்தி முத்தமிடுவார்.

போப்பாண்டவரும் நாட்டுத் தலைவர்தானே?

ஆமாம், வத்திக்கான் நாட்டுக்கு. கர்தினால்கள் வாக்களித்துத் தேர்வானவர். உவரி, மணப்பாடு பக்கத்துப் பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். மூத்தவர்கள் ‘பாப்பரசர்’ என்பார்கள், சொல்லிலேயே அரசர் இருக்கிறார். இப்போது திருச்சபைத் தமிழில் ‘திருத்தந்தை’. சொல் மாறிய மாதிரி சடங்கும் மாறியது. மூன்றடுக்குக் கிரீடம் சூட்டப்பட்ட கடைசிப் பாப்பரசர் ஆறாம் பவுல், 1963இல். 1978இல் வந்த முதலாம் யோவான் பவுல் முடிசூட்டு விழாவே வேண்டாம் என்றார். 2025 மே 18 அன்று பதினான்காம் லியோவுக்கு அணிவித்தவை இரண்டு: ஆட்டுக்குட்டிக் கம்பளியில் நெய்த, தோளில் போடும் பட்டை, மீனவர் மோதிரம். முதல் திருத்தந்தையாகக் கருதப்படும் பேதுரு மீனவர் என்பதால் அந்தப் பெயர். இதைச் சொன்னபோது ஒரு கடற்கரைப் பையன், ‘எங்க தாத்தாவும் மீனவர்தான் ஸார்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

செங்கோல் குடியரசுத் தலைவருக்குக் கொடுப்பதா?

இல்லை. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் கொடுத்த பொற்செங்கோல், 2023 மே 28 முதல் புதிய மக்களவையில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் பதவியேற்பில் செங்கோல் இல்லை.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் மாவட்டத்துக்குப் பங்கு உண்டா?

உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் ஐந்துக்கும் சேர்த்து 880. நம் எம்.பி.யின் வாக்குக்கு 2022இல் மதிப்பு 700. நாம் நேரே வாக்களிப்பதில்லை என்றாலும், நாம் அனுப்பியவர்கள் வழியாக நம் ஊரின் கணக்கு டெல்லிப் பெட்டிக்குள் போகிறது.

அடுத்த பதவியேற்பு எப்போது?

இடையில் ஏதும் நேராவிட்டால் 2027 ஜூலை 25. ஞாயிற்றுக்கிழமை, நம் வகுப்பு நாள். டிவியில் நேரலை வரும். 60ஆவது பிரிவின் வாசகத்தைத் தமிழில் ஆளுக்கொரு தாளில் அச்சடித்துத் தருகிறேன். அவர் சொல்லச் சொல்ல வரிக்கு வரி விரல் வைத்துப் பின்தொடரலாம். வருபவர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள்.